மாப்பிள்ளை கோட்டும் மஞ்சள் கறையும்

கெடாவில் சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் ஆரத்தித் தட்டைப் பாருங்கள். பழைய முறைப்படி கலக்கியிருந்தால் அந்தச் சிவப்பு நீரில் சிவப்புச் சாயம் எதுவும் இருக்காது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை சேர்த்தால் கண்ணெதிரே மஞ்சள் சிவப்பாகிவிடும். அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். 19ஆம் நூற்றாண்டு வேதியியலார் மஞ்சளில் தோய்த்த தாளை வைத்துத்தான் ஒரு கரைசலில் காரம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதே சோதனையை ஒவ்வொரு கல்யாணத்திலும் செய்கிறார்கள். யாரும் அதற்கு வேதியியல் என்று பெயர் வைக்கவில்லை.

ஆரத்தி முடிந்து பந்தி தொடங்கியதும் அதே சோதனை மாப்பிள்ளையின் கோட்டு மேலேயே நடக்கும். ஆட்டிறைச்சிப் பிரட்டலிலிருந்து ஒரு துளி மார்பில் விழும். அத்தை ஒருவர் ஓடிப்போய், கைகழுவும் இடத்துச் சோப்பை ஈரத்துணியில் குழைத்துக்கொண்டு வந்து அழுத்தித் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் செங்கல் நிறமாகும். "ஐயோ, முன்ன இருந்ததே தேவலாம் போல இருக்கே அத்தே!" என்று மாப்பிள்ளைத் தோழன் அலறுவான். உண்மையில் கறை கூடவில்லை. சோப்பிலுள்ள காரம் பட்டு மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் சிவந்திருக்கிறது, சுண்ணாம்பு பட்டதும் ஆரத்தி நீர் சிவந்ததைப் போல. நீர் கலந்த வினிகரை ஒற்றினால் பழைய மஞ்சள் வந்துவிடும். கோட்டுக்கு உண்மையில் கேடு செய்தது அந்தத் தேய்ப்புதான்.

கெடாவில் கம்பளித் துணிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அலோர் ஸ்டார் வெயிலில் பருத்திச் சட்டையே பாரமாக இருக்கும். இந்த மாநிலத்தில் ஸ்வெட்டர் தேவைப்படும் இடம் என்றால், சுமார் 1,200 மீட்டர் உயர ஜெராய் மலை உச்சியைத்தான் சொல்லலாம். அங்கேயும் அடிவாரத்தைவிட ஏழெட்டுப் பாகைதான் குறையும். ஆனாலும் அலமாரிகளைத் திறந்து பார்த்தால் கம்பளி இருக்கும். மாப்பிள்ளை கோட்டு, வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டு, காசி யாத்திரையில் வாங்கி வந்த சால்வை, குளிர்நாட்டில் படித்த பிள்ளை கொண்டுவந்து போட்ட மேலங்கி. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வெளியே வரும். அந்த இரண்டு மூன்று முறையும் விருந்துக்குத்தான் வரும். அதனால் நம் ஊர்க் கம்பளிக்கு மழை, குளிர், சேறு எதுவும் எதிரியில்லை. குழம்புதான் எதிரி.

ஒரு சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பளி என்று நாம் நினைக்கும் எல்லாம் கம்பளி இல்லை. மேடையில் போர்த்தும் பொன்னாடைகளில் பெரும்பாலானவை செயற்கை இழை. கோட்டுகளில் பாலியஸ்டர் கலப்பு மிகுதி. உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, கழுவும் தொட்டியருகே நெருப்பில் காட்டுங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, கருகியது விரலில் பொடியானால் அது கம்பளி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. அதற்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவையில்லை, அது சோப்பையும் தேய்ப்பையும் தாங்கும்.

முடி நாற்றம் வருவதற்குக் காரணம், கம்பளியும் முடியும் ஒரே பொருள் என்பதுதான். இரண்டும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தில் 3 முதல் 4 விழுக்காடு கந்தகம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புரதச் சங்கிலிகளைக் கந்தகப் பாலங்கள் இணைத்துப் பிடித்திருக்கின்றன. இழையின் வெளிப்புறத்தில் ஓடு வேய்ந்த கூரைபோல நுண்செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். செதில்களின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. அதனால் தேநீரோ மோரோ சிந்தினால் முதலில் முத்துமுத்தாக நிற்கும், உடனே ஊறாது. துடைக்க நமக்குச் சில நிமிடம் அவகாசம் கிடைக்கிறது. எண்ணெய் மிதக்கும் குழம்புக்கு இந்தத் தயக்கம் கிடையாது. கொழுப்புப் படலத்தோடு அதற்கு உறவு இருப்பதால் சட்டென்று பரவிவிடும். மலேசியச் சமையலறைகளில் புழங்கும் செம்பனை எண்ணெய் நம் வெப்பத்தில் உறையாது, அதனால் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

செதிலுக்கு அடியில் கதை தலைகீழ். இழையின் உட்புறத்துக்கு நீர் என்றால் கொள்ளை ஆசை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. ஈரமான இழை வீங்கும், செதில்கள் விரியும், வலிமை குறையும். 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழைகளை எக்ஸ் கதிரில் படம்பிடித்துப் பார்த்தார். ஈரமாக்கி இழுத்தபோது புரதச் சங்கிலியின் சுருள் அவிழ்ந்து வேறு வடிவம் கொள்வதைக் கண்டார். ஈரக் கோட்டைக் கொடியில் தொங்கவிட்டால் தோள் இறங்கி, கை நீண்டுபோவதற்கு அடிப்படைக் காரணம் அங்கே இருக்கிறது.

ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் வேறொரு ஆபத்து. செதில்கள் எல்லாம் ஒரே திசை நோக்கிப் படிந்திருப்பதால், உரசும்போது இழை ஒரு பக்கமாக மட்டுமே நகரும், திரும்பி வராது. இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, துணி சுருங்கித் தடித்துப்போகும். இழைகளை வேண்டுமென்றே இப்படிப் பின்னவைத்துத்தான் தொப்பிக்கான கம்பளித் தகடு செய்கிறார்கள். அத்தை தேய்த்த இடத்தில் பின்னர் கறை போனாலும் ஒரு மொரமொரப்பான வட்டம் மிஞ்சுவது இதனால்தான். கறைக்கு மருந்து உண்டு, இந்தப் பின்னலுக்குக் கிடையாது.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். சாயத் தொழிலில் பெரும்பாலான தாவர நிறங்களைத் துணியில் ஏற்றப் படிகாரம்போல ஒரு நிறுத்தி வேண்டும். மஞ்சளுக்கு அது தேவையில்லை. பருத்தி, பட்டு, கம்பளி எதிலும் நேராகப் பற்றும். உலகச் சாயப் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது: இயற்கை மஞ்சள் 3. அதனால், கம்பளிக் கோட்டில் குழம்பு சிந்துவதை அழுக்காக நினைத்தால் வழி தவறிவிடுவோம். அங்கே சிறிய அளவில் சாயமேற்றும் வேலை தொடங்கிவிட்டது. அதை முடிக்காமல் தடுப்பதுதான் நம் வேலை.

சாயப் பட்டறைக்காரர் கம்பளிக்கு நிறமேற்ற என்ன செய்வார்? தொட்டியைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மணிக்கணக்கில் வைத்திருப்பார். குளிர்ந்த நீரில் நிறம் இழைக்குள் எளிதில் புகாது. செதிலைக் கடந்து உள்ளே போகச் சூடு வேண்டும். நாமும் கறை பட்டவுடன் வெந்நீரைத் தேடுகிறோம். பட்டறைக்காரர் செய்யும் அதே காரியம்! பால், முட்டை, இறைச்சிச் சாறு இவற்றிலுள்ள புரதமும் சூட்டில் உறைந்து இழையைக் கவ்விக்கொள்ளும். கம்பளியில் விழுந்த எந்த உணவுக் கறைக்கும் முதல் விதி குளிர்ந்த நீர்தான். இதற்கு விதிவிலக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்குவது எளிது. பீடோங், பாடாங் செராய், குவாலா கெட்டில் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பால் ஸ்டோரில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று அம்மோனியா. மரத்தடி மங்கில், அதாவது கோப்பையில், வடிந்த ரப்பர்ப் பால் வழியிலேயே திரைந்துவிடாமல் அது காக்கும். இன்னொன்று 'ஆசிட்' என்று எல்லாரும் சொல்லும் ஃபார்மிக் அமிலம். தொட்டியில் ஊற்றிய பாலை அது திரையவைத்துக் கட்டியாக்கும். ரப்பர்த் துகளைச் சுற்றி ஒரு புரதப் படலம் இருக்கிறது. அதன் மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தை அழிக்கிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இது நடக்கும் அமிலநிலை அளவு (pH) ஏறத்தாழ 5, அதாவது இலேசான புளிப்பு.

கம்பளியும் புரதம்தானே. அதன் மின்னூட்டம் சமனாகும் அளவும் கிட்டத்தட்ட 5தான். அந்த இலேசான புளிப்பு நிலையில்தான் கம்பளி மிக உறுதியாக இருக்கும். காரத்தின் பக்கம் நகர்த்த நகர்த்த கந்தகப் பாலங்கள் உடையும். 5 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாவில் கம்பளியைக் கொதிக்கவிட்டால் சில நிமிடங்களில் கரைந்து காணாமலே போய்விடும். நெசவியல் மாணவர்கள் கம்பளியையும் பருத்தியையும் பிரித்தறியச் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று. கம்பளிக்குச் சாயமேற்றும் ஆலைகளிலும் புளிப்புக்கு அதே ஃபார்மிக் அமிலத்தைச் சேர்ப்பதுண்டு. கெடாத் தோட்டத்தில் பாலைக் கட்டியாக்கும் பொருள் இன்னொரு நாட்டில் கம்பளிக்கு நிறம் பிடிக்கவைக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் ஃபார்மிக் அமிலத்தை வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். தோலைப் புண்ணாக்கிவிடும். வீட்டு வேலைக்கு வினிகர் போதும்.)

அமிலமும் அம்மோனியாவும் உணவுக் கறை விஷயத்தில் எப்படி எதிரெதிராக வேலை செய்கின்றன என்பதற்கு உணவு ஆய்வகங்களில் ஓர் அழகான சான்று இருக்கிறது. இனிப்பிலோ குளிர்பானத்திலோ செயற்கை நிறம் கலந்திருக்கிறதா என்று கண்டறிய, வெள்ளைக் கம்பளி நூலை அந்த உணவின் அமிலக் கரைசலில் போட்டுச் சூடாக்குவார்கள். செயற்கை நிறம் நூலில் ஏறிக்கொள்ளும். பிறகு அந்த நூலை நீர்த்த அம்மோனியாவில் போட்டால் நிறம் இறங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருக்கும் முறை இது. உணவு நிறத்தைத் தேடிப் பிடிக்கக் கம்பளியைவிட நல்ல வலை இல்லை என்று வேதியியலார் கண்டுகொண்டார்கள்.

நம் விருந்தில் இதன் பொருள் என்ன? சிவப்பு சிரப்போ, பால் கலந்த பண்டோங்கோ கோட்டில் கொட்டினால், எல்லாக் கறைக்கும் வினிகர் என்று யாரோ சொன்ன யோசனையை நம்பிவிடக் கூடாது. அங்கே புளிப்பு, நிறத்தைப் பிடித்துவைக்கும். வெறும் குளிர்ந்த நீரை ஒற்றி ஒற்றி எடுப்பதே மேல். மிஞ்சினால் கம்பளிக்கென்று விற்கும் திரவச் சோப்பு. குழம்புக் கறைக்கு உதவும் வினிகர் சிரப் கறைக்குப் பகை. கறையை எடுக்க ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம் கை இதையெல்லாம் ஏன் தவறாகச் செய்கிறது? அது பருத்தியில் பழகிய கை. பினாங்கில் ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் தமிழ் வண்ணார்கள் நடத்திய துறையிலும் சரி, தோட்டத்து லயத்தில் குழாயடிக் கல்லிலும் சரி, துவைப்பு என்றால் சோடா, சூடு, அடி, வெயில். பருத்தி செல்லுலோஸால் ஆனது. காரம் அதைக் கெடுக்காது, கல் அதைச் சுருக்காது. மஞ்சள் கறைக்குக்கூட அந்த முறை மிகச் சரி. குர்க்குமின் காரத்தில் சிவப்பதோடு நிற்பதில்லை, மெல்லச் சிதையவும் செய்யும். வெயில் மிச்சத்தை முடித்துவைக்கும். பாட்டி சட்டைக்குப் பார் சோப்பு போட்டுக் கொடியில் காயவைத்ததில் அறிவியல் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சட்டை கம்பளியாக இருந்திருந்தால் மட்டுமே தவறு.

வெளுப்பானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளோரோக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் குளோரின் வெளுப்பான் கம்பளியையும் பட்டையும் வெளுக்காது. மஞ்சளாக்கும், பிறகு கரைக்கும். ஒரு கம்பளி நூலை அதில் போட்டு வைத்தால் கரைந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். அதை வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியாவோடு கலந்தால் குளோரமின் வாயு வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. கறைக்காக யாரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொரு பொறி சலவைத்தூள். 1910களில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்து 'புர்னுஸ்' என்ற சலவைப் பொருளை விற்கத் தொடங்கினார். இன்றைய தூள்களில் நுண்ணுயிரிகள் தரும் நொதிகள் இருக்கின்றன. அவற்றில் புரோட்டியேஸ் வகை, இரத்தம், முட்டை, பால் முதலிய புரதக் கறைகளை அரித்து உண்ணும். நொதிக்குக் கறை எது, கோட்டு எது என்று தெரியாது. கம்பளியும் பட்டும் புரதம் என்பதால் அவற்றையும் மெல்ல அரிக்கும். கம்பளிக்கான திரவங்களில் புரோட்டியேஸ் சேர்ப்பதில்லை. கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் இவற்றால் அந்த ஆபத்து இல்லை. சலவைக்கான லிப்பேஸை டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1988இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடையில் வாங்கும்போது 'கம்பளி, பட்டு' என்று மேலுறையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பயோ' என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது சட்டைக்கு.

நாணயம் போட்டுத் துவைக்கும் தானியங்கி டோபிக் கடைகள் இப்போது தாமானுக்கு ஒன்று இருக்கின்றன. நல்ல வசதிதான். ஆனால் சூடான உலர்த்தியில் கம்பளியைப் போடுவது, மேலே சொன்ன ஈரம், சூடு, உரசல் மூன்றையும் ஒரே உருளையில் அடைப்பது. பெரியவர் கோட்டு சின்னவருக்கு அளவாகி வரும்.

சரி, என்னதான் செய்வது?

சிந்திய கணத்தில், கெட்டியானதைக் கரண்டியின் விளிம்பால் மேல்நோக்கி வழித்தெடுங்கள். மிச்சத்தில் காகிதத் துண்டை வைத்து அழுத்துங்கள்; இழுக்காதீர்கள். எண்ணெய் மேல் சோள மாவோ முகப்பவுடரோ தடிமனாகத் தூவிக் கால் மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். மண்டபத்தில் இதற்கு மேல் எதுவும் செய்யாமல் இருப்பதே பெரிய உதவி.

வீட்டுக்கு வந்ததும் முதலில் எண்ணெய், பிறகுதான் நிறம். குர்க்குமின் நீரில் கரைய மறுக்கும். எண்ணெயில் கரையும், சாராயத்தில் நன்றாகவே கரையும். மிளகாயின் சிவப்புக்கும் எண்ணெய்தான் வாகனம். வாகனத்தை இறக்கினால் நிறத்தில் பாதி கூடவே இறங்கும். ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். துணிக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, மேலிருந்து ஈரப் பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் கறை வட்டமாக விரியும்.

மிஞ்சும் மஞ்சளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட். 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். பஞ்சில் தொட்டு ஒற்றினால் அடித்துண்டில் மஞ்சள் இறங்குவதைப் பார்க்கலாம். துண்டின் சுத்தமான பகுதியை மாற்றி மாற்றி வையுங்கள். இதற்குப் பின்னால் உள்ள தத்துவமும் லீட்ஸ் கம்பளி ஆராய்ச்சியிலிருந்தே புகழ்பெற்றது. கம்பளியிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரித்தெடுக்க வழிதேடிய ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும், ஒரு பொருள் இரண்டு திரவங்களுக்கிடையே தனக்குப் பிடித்ததில் அதிகமாகச் சேரும் என்பதை வைத்து 1941இல் ஒரு பிரித்தெடுப்பு முறையை உருவாக்கினார்கள். 1952இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கறை எடுப்பதும் அதுதான்: கறைக்குத் துணியைவிடப் பிடித்த திரவம் ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது.

ஸ்பிரிட் கோட்டின் சொந்தச் சாயத்தையும் இழுக்கலாம். ஆகவே உள்மடிப்பில் ஒரு துளி விட்டுச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். அடுப்பும் சாமி விளக்கும் அருகில் இருக்கக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் அசெட்டோன் வேண்டவே வேண்டாம். உள்துணி அசிட்டேட்டாக இருந்தால் அது அப்படியே கரைந்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஒற்றி, பிறகு வெறும் நீர். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, படுக்கவைத்து உலர்த்துங்கள். கறை போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால், கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள். மிச்சமுள்ள குர்க்குமின் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும்.

வெயிலில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். குர்க்குமின் வெளிச்சத்துக்குத் தோற்கும் பொருள்தான். அது உறிஞ்சும் ஒளி ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவே, 425 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருக்கிறது. ஆனால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் கம்பளிப் புரதத்தையே தாக்கி, வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும். ஒரு மஞ்சளைப் போக்க இன்னொரு மஞ்சளை வரவழைத்த கதை. இதற்கு ஒரு நடுவழி உண்டு. மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே, காலை வெளிச்சத்தில் வையுங்கள். கண்ணாடி, புறஊதாவில் கொடியதான பகுதியைத் தடுத்துவிட்டு நீல ஒளியை உள்ளே விடும். குர்க்குமினுக்கு அது போதும். இளநிறத் துணியில் அதன் பிறகும் நிழலாக ஏதாவது நின்றால் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒற்றலாம். கம்பளி ஆலைகளே வெளுப்பதற்கு அதைப் பயன்படுத்துகின்றன. கறுப்புக் கோட்டில் அதை முயல வேண்டாம்.

தே தாரிக் மூன்று கறைகளின் கூட்டு: தேயிலையின் டானின், பாலின் புரதம், சர்க்கரை. குளிர்ந்த நீரில் பாலையும் சர்க்கரையையும் எடுத்துவிட்டு, டானினுக்கு நீர் கலந்த வினிகர். பாயசம் இதைவிட எளிது, குளிர்ந்த நீரும் பொறுமையும் போதும். தாம்பூலக் கறைதான் மோசம். பாக்கின் நிறமும் சுண்ணாம்பின் காரமும் சேர்ந்து வருவதால் நிறமும் ஏறும், இழையும் கெடும். உடனே வினிகர் நீரை ஒற்றிக் காரத்தை முறித்துவிட்டு, மீதியை உலர்சலவைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

பட்டுப் புடவையும் புரதம்தான். செதில் இல்லாததால் கம்பளிபோல் சுருங்கிப் பின்னாது. காரம், வெளுப்பான், புரோட்டியேஸ், சூடு பற்றிச் சொன்னவை அதற்கும் பொருந்தும். அழுத்தமான சாயமும் சரிகையும் இருப்பதால் ஸ்பிரிட்டை நான் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன்.

கறையை அப்படியே மடித்து அலமாரியில் வைப்பது இன்னும் பெரிய தவறு. எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகி, மெருகெண்ணெய்போல் இழையில் படிந்துவிடும். அதன் பிறகு எந்தத் திரவத்துக்கும் எளிதில் இணங்காது. கெடாவின் ஈரக் காற்றில் பூஞ்சையும் வரும். துணிப்பூச்சியின் புழுக்களால் கெரட்டினைச் செரிக்க முடியும். ஆனால் சுத்தமான கம்பளியை மட்டும் தின்று அவை நன்றாக வளர்வதில்லை. கெரட்டினில் இல்லாத உயிர்ச்சத்துகளும் உப்புகளும் வேண்டும். வியர்வையும் குழம்புத் துளியும் அதைக் கொடுக்கின்றன. அடுத்த கல்யாணத்துக்குக் கோட்டை எடுக்கும்போது ஓட்டை சரியாகக் கறை இருந்த இடத்தில் விழுந்திருப்பது தற்செயல் இல்லை.

விலையுயர்ந்த கோட்டை வீட்டில் தொடாமல் உலர்சலவைக்குக் கொடுப்பது தவறில்லை. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் வட்டத்துக்குள் 'பி' என்று இருந்தால் பெர்க்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைத் தாங்கும் என்று பொருள். அது எண்ணெயை அருமையாக எடுக்கும், செதிலை வீங்கவைக்காது. ஆனால் அந்தக் கரைப்பானுக்கு உலகம் விடைகொடுக்கத் தொடங்கியிருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, உலர்சலவையில் அதைப் பத்தாண்டுகளில் நிறுத்தும் விதியை 2024 டிசம்பரில் இறுதியாக்கியது. கடையிலிருந்து வந்த கோட்டை நெகிழிப் பையோடு மாட்டிவைக்காமல், பையை நீக்கிக் காற்றாட விட்டு உள்ளே வையுங்கள்.

உலர்சலவைக்கும் ஒரு குறை உண்டு. எண்ணெயைக் கரைக்கும் திரவம் சர்க்கரையைக் கரைக்காது. காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாத சிரப்போ இளநீரோ அப்படியே தங்கி, கடைசியில் இஸ்திரிச் சூடு பட்டதும் பழுப்புக் கறையாகத் தலைகாட்டும். நாம் கடைக்காரரைத் திட்டுவோம், அவர் நம்மைத் திட்டுவார். ஆகவே கோட்டைக் கொடுக்கும்போது சிந்திய இடத்தை விரல்வைத்துக் காட்டுங்கள். சிந்தியது குழம்பா, தேநீரா, சிரப்பா, எத்தனை நாளாயிற்று, வீட்டில் எதை எதைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர் எந்தத் திரவத்தை முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.